கட்டு அண்ணாவின் தியரி

முனிகிருஷ்ணன் எங்கள் குழுவை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துபோவதுதான் எங்கள் வழக்கம். இவரை என்னால் அப்படி விட முடியவில்லை. அவர் போனதில் எனக்கும் பங்கு உண்டு. எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

என் பெயர் தேவசேனா. திருப்பதியில் ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த ஊர் நகரி. வீட்டில் நான்கு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் சின்ன வயதிலிருந்தே கத்திப் பேசிப் பழக்கம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு முகம் காட்டாமல் ஒரு யூட்யூப் சேனல் நடத்துகிறேன். விஷயம் ஒரே ஒரு ஆன்லைன் கேம். தண்ணீரில் பாதி மூழ்கிய ஒரு கோட்டை, அதில் குடியிருக்கும் ஜனங்கள், அவர்களுடைய கதை. அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் நாங்கள் ‘கோட்டை’ என்றே சொல்வோம். சில மாதத்துக்கு ஒரு முறை புது அத்தியாயம் விடுவார்கள். நடுவில் கிடைக்கிற நாளெல்லாம் நாங்கள் துப்பு துலக்குவோம். எந்தச் சுவரில் எந்தக் கீறல் இருக்கிறது, ராஜா ஏன் இடது காலில் மட்டும் செருப்பு போட்டிருக்கிறான் என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். நகரி, புத்தூர், சத்தியவேடு, திருத்தணி என்று சுற்றுவட்டாரத்துத் தமிழ் ஆட்கள் முந்நூறு பேர் டெலிகிராமில் ஒரு குழுவாக இருக்கிறோம். மூன்று ஆதாரம் காட்டாத தியரிக்கு ‘உப்புமா’ என்று முத்திரை குத்துவோம். முத்திரை குத்தும் வேலை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

முனிகிருஷ்ணன் இரண்டு வருடம் முன்பு சேர்ந்தார். நாற்பத்தாறு வயது. புத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வீட்டில் வேலை. பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, துணி, இவ்வளவுதான் அங்கே சாமான். கால் உடைந்து வந்த ஒரு இன்ஜினியரிங் மாணவன், பொழுது போகாமல் படுத்திருந்த இருபது நாளில் இவருடைய போனில் கேமை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் ஆட்டத்தையே விட்டுவிட்டான், இவர் விடவில்லை.

அவருக்கு டைப் அடிக்க வராது. வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார். பின்னணியில் யாராவது அலறிக்கொண்டிருப்பார்கள். “அண்ணா, அங்க யாரோ கத்துறாங்க” என்றால், “அது ஒண்ணுமில்லம்மா, முழங்கை” என்பார். குழுவில் அவருக்குக் கட்டு அண்ணா என்று பெயர் வைத்தோம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, ஒன்பது வயது இளைய தங்கை ஸ்ரீதேவியை வளர்த்து சித்தூரில் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் தன் வயது போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

கோட்டையில் எலின் என்று ஒரு பெண் வருவாள். படகு ஓட்டுகிறவள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணிக்கட்டு. மூன்று வருடமாக ஒருநாள்கூட அவிழ்க்கவில்லை. எங்கள் உலகத்தில் அதுதான் பெரிய மர்மம். கட்டுக்குள் வரைபடம் இருக்கிறது என்றார்கள். அவள் ராஜாவின் மகள், கையில் மச்சம் என்றார்கள். அது கையே இல்லை, இயந்திரம் என்றார்கள். துணி ஏழு சுற்று, மழைக்காலத்தில் எட்டு சுற்று என்று எண்ணிச் சொன்னான் ஒரு புண்ணியவான். அத்தனைக்கும் நான் உப்புமா குத்தினேன்.

போன ஜனவரியில் கட்டு அண்ணா ஆறு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அதில் யாரும் அலறவில்லை. தனியாகப் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

“கீழ வுழுறவங்க கையை ஊனுவாங்க. மணிக்கட்டுல ஒடையும். இல்ல முழங்கையில, தோள்ல. அடி வாங்குறவங்க கையைத் தூக்கி மூஞ்சிய மறைப்பாங்க. கட்டையோ கம்போ வந்து சுண்டுவெரல் பக்கத்து எலும்புல வுழும். நட்ட நடுவுல ஒடையும். எலின் கட்டுக்குள்ள பத்தை எங்க புடைச்சுக்கினு தெரியுதுன்னு பாருங்க. சுண்டுவெரல் பக்கம், நடுவுல மட்டும். மணிக்கட்டு சும்மாத்தான் இருக்குது. இன்னொண்ணு, பின்னால யாராச்சும் வேகமா வந்தா அந்தப் பொண்ணு எந்தக் கையைத் தூக்குது? அந்தக் கையைத்தான் தூக்குது. மூணாவது, படகுல ஆம்பளைங்க ஏறுனா அது கோட்டைச் சொவத்துப் பக்கமா முதுகை வச்சுக்கினுதான் நிக்குது. இது சண்டையில பட்ட காயமில்ல. வீட்டுல யாரோ அடிச்சிருக்காங்க.”

மூன்று ஆதாரம். நான் போனை வைத்துவிட்டு கேமைத் திறந்து பார்த்தேன். எலினுக்குப் பின்னால் ஓடினேன். அவள் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள். மூன்று வருடமாகப் பார்த்த அசைவுதான். கூச்சம் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கே வீடியோ போட்டேன். அதுவரை என் சேனல் பார்க்காத கூட்டம் பார்த்தது. ‘கட்டு அண்ணா தியரி’ என்று தெலுங்கு சேனல்கள்கூட எடுத்துப் பேசின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் அவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, இந்த மாதிரி கை எத்தினி பேரு எடுத்துக்கினு வருவாங்க?”

“வாரத்துக்கு ரெண்டு, மூணு இருக்கும்மா.”

“இன்னா சொல்லுவாங்க?”

“பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னுவாங்க.”

“நீங்க கேக்க மாட்டீங்களா?”

“எங்க வலிக்குதுன்னு கேப்போம். எப்படின்னு கேக்க மாட்டோம். எங்க வீட்டுல அது பழக்கம்.”

அந்தப் பழக்கத்தின் காரணத்தையும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று எழுதுவார்கள், போலீசுக்குப் போகும். அது வேண்டாம் என்பவர்கள்தான் இவர்களிடம் வருகிறார்கள். குடித்துவிட்டு வண்டியோடு விழுந்தவன், வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டவன், புருஷனிடம் அடிபட்டவள், எல்லாரும் ஒரே பெஞ்சில். வாயைத் திறந்து கேட்டால் நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்து காலத்துக்கும் கிடப்பார்கள். கேட்காமல் இருப்பதே அங்கே ஒரு மருந்து என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. “அப்ப எலினை மட்டும் ஏண்ணா இத்தினி கேள்வி கேக்குறீங்க?” என்றேன் விளையாட்டாக.

ஆள் வந்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து பகல் பதினோரு மணிக்கு லாட்ஜ் வாசலில் வந்து நின்றார். நேரில் அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். ஒல்லி உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத அகலமான கைகள், நகத்தில் பச்சிலைக் கறை. பக்தர்கள் அறைச் சாவிக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வரும்வரை ஒரு மூலையில் கைகட்டி நின்றிருந்தார். பிறகு ஸ்ரீதேவியைப் பற்றிச் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவள் சித்தூரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இடது கையைத் துண்டில் கட்டித் தோளில் தொங்கவிட்டிருந்தாள். சித்தூரில் இல்லாத ஆஸ்பத்திரியா? அண்ணன் கட்டினால் நன்றாகச் சேரும் என்றாளாம். “பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேண்ணா.” இவர் கட்டைவிரலால் எலும்பை வருடிக்கொண்டே போயிருக்கிறார். மணிக்கட்டு சரி, முழங்கை சரி. நடுவில், சுண்டுவிரல் பக்கம், விரல் நின்றது. முட்டை உடைத்துக்கொண்டு வரச் சொன்னார். கட்டினார். சாப்பாடு போட்டார். நான்கு மணிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

“நீங்க கேக்கலியாண்ணா?”

“பழக்கம்மா. கையில எலும்பு இருந்தா வாய் தொறக்காது எனக்கு.” பிறகு நகத்துக் கறையைச் சுரண்டிக்கொண்டே, “பொய் சொல்லக்கூடாது. பயம். கேட்டு அவ ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் நான் இன்னா பண்றது? கூட்டிக்கினு வந்து எங்க வச்சுக்கிறது? ஊரு இன்னா சொல்லும்? இதெல்லாம் ஒரு நிமிசத்துல ஓடிச்சு. முட்டை எடுத்துக்கினு வாங்கன்னுட்டேன்” என்றார்.

அவளுடைய புருஷன் சுரேஷ்பாபு மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு முனிகிருஷ்ணன் சித்தூர் போய் அந்த வலது கைக்கு எண்ணெய் தேய்த்து விரல்களை நீவிவிட்டு வருகிறார். தங்கை கேட்டிருக்கிறாள், எப்படி மறுப்பார்? அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இந்தக் கைதானா, இல்லையா என்று உள்ளே ஓடுமாம்.

“இப்பவாவது அவங்களக் கேளுங்க” என்றேன்.

“இப்ப கேட்டு? அந்த ஆளு கெடக்குறாரு. அவதான் வாரித் துடைச்சுக்கினு இருக்கா. இப்பப் போயி நோண்டுறதா?” பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “மார்ச்சுல எலின் அத்தியாயம் வருதில்ல? வரட்டும். அதுல நான் சொன்னது தப்புன்னு வந்துச்சுன்னா என் கண்ணே தப்பு. ஸ்ரீதேவி விசயத்துலயும் தப்பாத்தான் பாத்திருப்பேன்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எந்த தேசத்திலோ நாலு பேர் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிற கதைக்கும் சித்தூரில் இருக்கிற ஒரு பெண்ணின் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேவிட்டேன். சாவி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் யோசித்தால், எங்கள் கூட்டத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்த பாடம்தானே அது. யார் என்ன சொன்னாலும் அத்தியாயம் வரும்போதுதான் தீர்ப்பு, அதுவரை வாயை மூடு என்று முந்நூறு பேருக்கும் சொல்லி வைத்திருப்பவள் நான்தான்.

மார்ச் பதினான்காம் தேதி காலை அத்தியாயம் வந்தது. எலின் கோட்டை வாசலில் நின்று கட்டை அவிழ்த்தாள். உள்ளே ஒரு நீலப் பாம்பு. கோட்டையைக் காக்கும் பாம்பாம், மூன்று வருடமாக அவள் கையைச் சுற்றித் தூங்கிக்கொண்டிருந்ததாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குழுவில் மட்டும் கொண்டாட்டம். பாம்பு என்று எவனும் சொல்லியிருக்கவில்லை, இருந்தாலும் ஆளாளுக்கு ஜெயித்தது போலக் குதித்தார்கள். கட்டு அண்ணாவை ஓட்டி எடுத்தார்கள். கட்டு அவிழ்ந்தது என்று படம் போட்டார்கள். பாம்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது போல ஒருவன் வரைந்தான்.

அரைமணி நேரத்தில் அவரிடமிருந்து எனக்குப் போன். அழுகிறாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியாம்மா? பாம்பு! பாம்பாம்மா! நான் இன்னாடான்னா எலும்பு, அடின்னு கதை வுட்டுக்கினு இருந்தேன். சுத்தமா தப்பு!”

“ஆமாண்ணா.”

“எங்கண்ணு தப்பும்மா. ஆறு வருசமா நெஞ்சுல கல்லாட்டம் கெடந்துச்சு. அவ வழுக்கித்தான் வுழுந்திருக்கா. வர்ற ஞாயித்துக்கெழம போறேன். மைசூர்பாகு வாங்கிக்கினு போறேன், மாப்பிள்ளைக்குப் புடிக்கும்.”

ஒரு பாம்பு எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். அவர் கண் தப்பில்லை, அந்த நாலு பேர்தான் எலும்பு தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்றும் தெரியும். என் நாக்கு அன்றைக்கென்று சுருண்டுகொண்டது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் சிரிப்பதைக் கேட்டு நாளாகியிருந்தது. “நல்லதுண்ணா, போயிட்டு வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் நடந்ததை அடுத்த நாள், திங்கட்கிழமை, மறுபடி லாட்ஜுக்கு வந்து அவரே சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

அன்றைக்கு அவர் மாப்பிள்ளையின் கையை மனசாரத் தேய்த்திருக்கிறார். அதுவரை ஒரு கட்டையைத் தேய்ப்பது போலத்தான் தேய்த்து வந்தார். அன்று ஒவ்வொரு விரலாக எடுத்து நீவி, “மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு மாசத்துல டம்ளர் புடிப்பீங்க பாருங்க” என்று தைரியம் சொல்லியிருக்கிறார். சுரேஷ்பாபுவின் வாயில் மைசூர்பாகைப் பிட்டு வைத்திருக்கிறார். ஸ்ரீதேவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேழ்வரகுக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் இப்படிக் கலகலவென்று இருந்து பார்த்ததில்லை என்று அவளுக்கும் சிரிப்பு.

“இன்னாண்ணா இன்னிக்கி இத்தினி குஷி?”

இவர் கேமைப் பற்றிச் சொன்னார். எலினைப் பற்றி, கட்டைப் பற்றி, தன் தியரியை ஊரெல்லாம் பேசியதைப் பற்றி, கடைசியில் பாம்பு வந்ததைப் பற்றி. அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வேகத்தில், பாரம் இறங்கிய சுகத்தில், மீதியையும் சொல்லிவிட்டார்.

“இதுல இன்னொரு கூத்து கேளு. நீ கை ஒடைஞ்சுக்கினு வந்தியே, அதையும் நான் அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். மாப்பிள்ளைதான் அடிச்சிட்டாருன்னு! இத்தினி வருசமா! எவ்ளோ பெரிய முட்டாளு பாரு உங்கண்ணன்.”

அவர் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார். சுரேஷ்பாபு கண்ணை மூடிக்கொண்டார். மடியில் இருந்த கை எப்போதும் போல உயிரில்லாமல் கிடந்தது. ஸ்ரீதேவி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கே தெரிஞ்சுதா உனக்கு?”

“தெரிஞ்சுதுன்னு இல்ல. தோணுச்சு.”

“கட்டும்போதேவா?”

“ம்.”

“தெரிஞ்சுக்கினுதான் பஸ் ஏத்திவுட்டியா?”

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் கத்தவில்லையாம், அழவும் இல்லையாம். ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாளாம். “வழுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னதும் நீ நம்பிட்டேன்னு நெனச்சேண்ணா. அதுக்கப்புறம் அவர் எப்ப கைய ஓங்கினாலும் மனசுல ஒண்ணு சொல்லிக்குவேன். எங்கண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சா வுடமாட்டான், அன்னிக்கே வந்து கூட்டிக்கினு போயிடுவான், நாமதான் சொல்லாம கெடக்குறோம்னு. அதச் சொல்லிச் சொல்லியேதான் இத்தினி நாளு ஓட்டினேன்.”

பிறகு எழுந்து வந்து, அவர் மடியிலிருந்த புருஷன் கையை எடுத்துக் கட்டில் மேல் வைத்துப் போர்வையால் மூடினாள். “இனிமே நானே தேய்ச்சுக்கிறேன். நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்” என்றாள்.

சொல்லி முடித்துவிட்டு முனிகிருஷ்ணன் தன் போனை என்னிடம் நீட்டினார். கேமை எடுத்துவிடச் சொன்னார், அவருக்கு அதை நீக்கத் தெரியவில்லை. நான் எடுத்தேன். குழுவிலிருந்தும் வெளியேற்றிவிடச் சொன்னார். அதையும் செய்தேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டே நீட்டினேன். எலும்பையும் கையையும் பார்த்தே பழகியவர் கண்ணுக்கு எது தப்பும்?

“பாம்புன்னு வந்தன்னிக்கு உனக்கு போன் பண்ணேனே. எங்கண்ணு தப்பில்லன்னு உனக்கு அப்பவே தெரியும், இல்லம்மா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“தெரியும்ணா” என்றேன்.

தலையை ஆட்டினார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை விலக்காமல் ஓரமாகவே நடந்து வெளியே போனார்.